வெயில் இருந்தது, கரண்ட் இல்லை

பதினாறு மணி நேரம். ஒரு நாளில் நாகமுத்துவின் மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்க வேண்டிய நேரம் அது. டாக்டர் அட்டையில் எழுதிக் கொடுத்த கணக்கு. மிச்சமிருக்கும் எட்டு மணி நேரத்தில்தான் அவர் குளிக்க வேண்டும், கோயிலுக்குப் போக வேண்டும், தாமான் குடியிருப்பின் முனைக் கடையில் உட்கார்ந்து கோப்பி குடிக்க வேண்டும். அவர் மனைவி கோமளாவும் அந்த எட்டு மணி நேரத்துக்குள்தான் எங்கே போனாலும் போய்த் திரும்புவாள். மூன்று வருஷமாக அவள் வேறு எந்தக் கூரைக்குக் கீழும் தூங்கியதில்லை.

கோமளாவுக்கு ஐம்பத்தைந்து வயது. பாயா ரும்புட்டில் ஒரு தாமானில், கடைசிக்கு முந்தின வரிசையில் வீடு. பிறந்தது சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே தோட்டத்து எஞ்சின் ஓடினால் கரண்ட் வரும். ஏழு மணிக்கு வரும், ஒன்பதரைக்குப் போகும். எப்போது வரும், எப்போது போகும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் குழம்பியதில்லை. பதினெட்டு வயதில் மலாக்கா டவுனை ஒட்டிய ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலை, கடைசிச் சோதனை. வரிசையில் வரும் சர்க்யூட் பலகையை எடுத்துச் சொருக வேண்டும், விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால் பச்சை ஸ்டிக்கர், எரியாவிட்டால் சிவப்பு. சிவப்பு ஒட்டியதை சூப்பர்வைசர் வந்து பார்க்கும்வரை யாரும் தொடக்கூடாது. இந்தச் சட்டம் அவள் ரத்தத்தில் ஊறிவிட்டது. வேலையை விட்ட பிறகும் சந்தையில் தேங்காயைத் தட்டிப் பார்க்கும்போது அவள் முகத்தில் அந்தப் பழைய சூப்பர்வைசரின் களை வந்துவிடும்.

நாகமுத்து எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியை முப்பத்தோரு வருஷம் ஓட்டியவர். புகையும் தூசியும் சேர்ந்து நுரையீரலைத் தின்றுவிட்டன. அறுபது வயதில் வீட்டுக்கு ஒரு மெஷின் வந்தது. அது காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், கரண்ட் இருந்தால்.

அதனால் கோமளா மூன்று ஏற்பாடு வைத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிலிண்டர், மூன்று மணி நேரத்துக்குத் தாங்கும். ரெம்பியாவில் நாகமுத்துவின் தங்கை புருஷன் தம்புசாமி, பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் கரும்புச் சாறு விற்பவர். அவரிடம் ஒரு ஜெனரேட்டர், கூப்பிட்டால் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். மூன்றாவது, மகன் ஹரிதாஸ் ஜொகூரிலிருந்து ஏற்பாடு செய்து போட்டது. கூரை மேல் பத்து சோலார் தகடு, சமையலறைக்குப் பின்னால் இருக்கும் இடைவழியில் சுவரை ஒட்டி ஒரு பேட்டரி. பேட்டரி என்றால் லோரியில் இருக்கிற மாதிரி கறுப்புப் பெட்டி இல்லை. வெள்ளையாக, இடுப்பு உயரத்துக்கு, துணி அலமாரி போல நிற்கும். முகப்பில் நான்கு குட்டி விளக்கு, பக்கவாட்டில் ஒரு மூடி. மாட்டிவிட்டுப் போன ஹாஃபிஸ் என்ற மலாய்க்காரப் பையன் அந்த மூடியின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, "அண்டி, எதை வேண்டுமானாலும் தொடுங்கள், இதை மட்டும் திறக்காதீர்கள்" என்று மலாயில் சொல்லியிருந்தான். கோமளாவிடம் அதைச் சொல்லியிருக்கவே தேவையில்லை. ஸ்டிக்கரின் நிறமே போதும்.

மாதத்தில் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மேலே பார்ப்பாள். விசிறி ஒரு சுற்றுகூடத் தளராது. பேட்டரி வீட்டைத் தாங்கிக்கொள்ளும். காலண்டரில் அந்தத் தேதியின் மேல் பச்சைப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பாள். ஆகஸ்டில் புள்ளி, செப்டம்பரில் புள்ளி.

அந்தப் புள்ளிகளை நம்பித்தான் அவள் பஸ் டிக்கெட் எடுத்தாள். கடைக்குட்டி வாணிக்குப் பட்டமளிப்பு, அக்டோபர் பதினெட்டு, சனிக்கிழமை, வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில். பத்து மணி நேரப் பயணம். வெள்ளிக்கிழமை காலை ஏறினால், ஞாயிற்றுக்கிழமை மகளோடு திரும்பி, மறுநாள் தீபாவளியைச் சேர்ந்து கொண்டாடலாம். ஹரிதாஸ் ஜொகூரிலிருந்து நேராக அங்கே வந்துவிடுவான். நாகமுத்துவைத் தம்புசாமியின் மனைவி பாக்கியலட்சுமி வந்திருந்து பார்த்துக்கொள்வாள். குடும்பத்தில் முதல் பட்டம் அது. கோமளா ஆறாம் வகுப்போடு நின்றவள்.

"போய்ட்டு வாலா. நான் என்ன கைப்புள்ளையா?" என்றார் நாகமுத்து.

"கைப்புள்ளையா இருந்தா இடுப்புல வெச்சுத் தூக்கிட்டுப் போயிருவேன்."

அக்டோபர் முதல் தேதி ஆயுத பூஜை. நாகமுத்து லோரி ஓட்டிய காலத்திலிருந்து இந்த வீட்டில் இந்த ஒரு பூஜைக்கு மட்டும் பொறுப்பு அவருடையது. அரிவாள்மனை, மாவு அரைக்கும் மெஷின், தையல் மெஷின், கார், தம்புசாமி கொண்டுவந்து இறக்கிய ஜெனரேட்டர் என்று எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து, மோதிர விரலால் குங்குமம் வைத்தார். வைத்தால் அன்று முழுக்க அந்தச் சாமான் வேலை செய்யக்கூடாது. அதனால் கோமளா முதல் நாளே மாவு அரைத்துவிட்டாள்.

ஆக்சிஜன் மெஷினைக் காட்டி, "இதுக்கும் இன்னிக்கு லீவா மச்சான்?" என்று தம்புசாமி கேட்டார்.

"அதுக்கு லீவு குடுத்தா எனக்கும் சேர்த்துக் குடுக்கணும் மாப்பிள்ளை. பெரிய லீவு."

எல்லோரும் சிரித்தார்கள். மெஷினுக்குப் பொட்டு மட்டும் கிடைத்தது. பேட்டரியின் முகப்பில் நாகமுத்து மூன்று விரலால் திருநீறும் அதன் மேல் சந்தனமும் அகலமாக இழுத்து, ஒரு முழம் பூவும் சார்த்தினார். மறுநாள் விஜயதசமி. காலையிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. கோமளா அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். மத்தியானம் திரும்பி வந்து தையல் மெஷினை நாலு தையல் ஓட்டினாள், காரை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கினாள். ஜெனரேட்டரைத் தம்புசாமி தூக்கிக்கொண்டு போனார். எல்லாம் வேலைக்குத் திரும்பின.

நான்காம் தேதி முதல் சனிக்கிழமை. ஆனால் அது புரட்டாசிச் சனி. விரதம், பெருமாள் கோயில், அன்னதானத்துக்குக் காய் நறுக்கும் வேலை. அந்த மாதம் காலண்டரில் புள்ளி விழவில்லை. ஊருக்குப் போவதற்குள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பதினான்காம் தேதி செவ்வாய்க்கிழமை மத்தியானம் இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது.

கோமளா முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். தலைக்கு மேல் விசிறி மெதுவாகி நின்றது. அவள் நிமிர்ந்து அதையே பார்த்தாள். அது நிற்கக்கூடாத விசிறி. அறைக்குள் ஆக்சிஜன் மெஷின் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. மாவுக் கையோடு ஓடி, சிலிண்டரின் மேல் மூடியைத் திருகி, குழாயை மாற்றி மாட்டினாள். நாகமுத்து நெஞ்சைப் பிடித்தபடி தலையாட்டினார். சரி, மூச்சு வருகிறது. மூன்று மணி நேரம் கையில் இருக்கிறது.

பிறகு பின்பக்கம் போய்ப் பேட்டரியின் முன்னால் நின்றாள். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பூ கருகியிருந்தது. அதில் ஒரு சத்தமும் இல்லை. முன்னே எப்போதாவது சத்தம் போட்டதுண்டா என்றும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மூடியைப் பார்த்தாள். தொடவில்லை.

வாசலுக்கு வந்து கூரையைப் பார்த்தாள். வெயில் கண்ணைக் குத்தியது. பத்துத் தகடும் பளபளவென்று மின்னின. வெயில் இருக்கிறது, தகடு இருக்கிறது, பேட்டரி இருக்கிறது, வயர் இருக்கிறது. கரண்ட் மட்டும் இல்லை. வாசலில் நின்றபடியே தம்புசாமிக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, பிளேக்கவுட். பேட்டரியும் வரலை."

"வரலைன்னா? எங்க போச்சு?"

"தெரிஞ்சா உங்களுக்கு ஏன் போன் போடறேன்?"

"வெயிலு கொளுத்துதே. தகடு இருக்குதுல?"

"இருக்கு. அதுபாட்டுக்கு வெயில் காயுது."

அடுத்தது ஹரிதாஸ். அவன் ஜொகூரில் ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து வெளியே வந்து பேசினான். போனிலேயே பேட்டரியைப் பார்க்கும் வசதி அவனிடம் இருந்தது.

"மா, ஆப்ல நூறு காட்டுது."

"இங்க சைபர் காட்டுதுடா."

"நூறு பெர்சன்ட்மா. ஃபுல். பேட்டரில ஒரு பிரச்சினையும் இல்லை."

"அப்ப அந்த நூறை எடுத்துட்டு இங்க வா. அப்பா சிலிண்டர்ல இருக்காரு."

"எல்லாத்தையும் ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணிப் பாருங்க."

"ஊருக்கே ஆஃப் பண்ணி வெச்சிருக்கான். இதுல நான் எதைடா ஆஃப் பண்றது?"

இரண்டே முக்காலுக்குத் தம்புசாமியின் வேன் வந்தது. ஜெனரேட்டரைக் கார் நிறுத்துமிடத்தில் இறக்கிக் கயிற்றை இழுத்தார். மூன்றாவது இழுப்பில் உறுமியது. அதன் புகை நேராகச் சன்னல் வழியாக நாகமுத்துவின் அறைக்குள் போனது. அவர் இரும ஆரம்பித்ததும், "தூக்குங்க, தூக்குங்க, உள்ள ஆளைக் கொல்லாதீங்க" என்று கோமளா விரட்டினாள். அதை வாசல் கேட்டுக்கு வெளியே சாக்கடை ஓரம் கொண்டுபோய் வைத்து, நீள வயரை உள்ளே இழுத்தார்கள். விசிறியைச் சொருகினால் சுற்றியது. டிவியைச் சொருகினால் வந்தது. ஆக்சிஜன் மெஷினைச் சொருகினால் ஒரு நிமிஷம் ஓடி, கீச்சென்று கத்தி, நின்றது. மறுபடி போட்டால் மறுபடியும் அப்படியே.

தம்புசாமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன தங்கச்சி இது? இதுல இருபது லைட்டு எரியுது. கரும்பு மெஷின் ஓடுது."

"கரும்பு மெஷினும் இதுவும் ஒண்ணாண்ணே? அவருக்கு மூக்கு வழியா கரும்புச் சாறா ஏத்தப் போறோம்?"

கட்டிலிலிருந்து நாகமுத்து கையைத் தூக்கி எதையோ சொல்ல வாயெடுத்தார். அந்த நேரம் பார்த்து ஹரிதாஸ் திரும்பக் கூப்பிட்டான். கோமளா போனை எடுத்து, அவன் பேசுவதற்கு முன்னாலேயே, "நான் வரலைடா. தங்கச்சிகிட்ட நீயே சொல்லிரு. இது ஏன் வேலை செய்யலைன்னு தெரியாம உங்கப்பாவை விட்டுட்டு நான் எங்கயும் வரமாட்டேன்" என்றாள். நாகமுத்துவின் கை மெத்தையில் இறங்கியது. மூன்று பேரும் சிலிண்டரின் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள்.

நாலு முப்பத்தைந்துக்குக் கரண்ட் வந்தபோது முள் சிவப்புக் கோட்டைத் தொட ஒரு விரற்கடை இருந்தது.

புதன்கிழமை முழுக்கப் போன். ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். தகட்டின் மேல் தூசி படிந்திருக்கும் என்றார் தம்புசாமி, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியும் விட்டார். எதிர்வீட்டுக்காரம்மா பல்லி வயரில் விழுந்திருக்கும் என்றாள். அவர்கள் வீட்டு ஏர்கான் போன வருஷம் அப்படித்தான் போனதாம். ஹரிதாஸ் நூறு, நூறு என்று சொல்லிக்கொண்டே இருந்தான். சோலார் போட்ட கம்பெனியில் ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, வியாழக்கிழமை ஆள் வரும் என்றாள். மெயினை இறக்கித் தானே ஒரு தடவை பார்க்கலாமா என்று கோமளா இரண்டு முறை சுவிட்சில் கை வைத்தாள். சிலிண்டர் தீரும் நிலையில் இருந்தது. மாற்று சிலிண்டர் சாயங்காலம்தான் வரும். கையை எடுத்துவிட்டாள்.

அவளைக் குழப்பியது பேட்டரி கெட்டுப்போனது அல்ல. சாமான் என்றால் கெட்டுப்போகும். தொழிற்சாலையில் ஒரு நாளைக்கு நாற்பது பலகை சிவப்பு வாங்கும். ஆனால் அங்கே சிவப்பு என்றால் எல்லோருக்கும் சிவப்பு. இங்கே ஒரே பேட்டரி மகனின் போனில் முழுசாக இருக்கிறது, வீட்டில் செத்துக் கிடக்கிறது. செப்டம்பரில் பாஸ். நடுவில் யாரும் தொடவில்லை, இடி விழவில்லை, எலி கடிக்கவில்லை. தொடாத சாமான் எப்படிக் கெடும்?

மத்தியானம் வாணி கூப்பிட்டாள். "பரவாயில்லைமா. போட்டோ அனுப்பறேன்" என்றாள். ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னாள். அடுத்து என்ன பேசுவதென்று கோமளாவுக்குத் தெரியாமல், "மேல போடற அங்கியைத் தேய்ச்சு வெச்சுட்டியா?" என்று கேட்டாள். பிறகு முறுக்கு பிழியப் போனாள். நாகமுத்து அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் புகை நெஞ்சில் நிற்கிறது என்றார்.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு ஹாஃபிஸ் வந்தான். கூரை மேல் ஏறினான், இறங்கினான், கார் நிறுத்துமிடத்துச் சுவரில், தகட்டுக் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரைத் திறந்து பார்த்தான். "அண்டி, உங்கள் வீட்டில் பேட்டரி இருப்பதே இதற்குத் தெரியவில்லை" என்றான்.

"அலமாரி மாதிரி நிக்குது. அது எப்படித் தெரியாமப் போகும்?" கோமளாவும் மலாயில்தான் கேட்டாள்.

பின்பக்கம் வந்ததும் ஹாஃபிஸ் இரண்டு அடி தள்ளியே நின்றுவிட்டான். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "பூஜை முடிந்துவிட்டதா? இதைத் தொடலாமா?"

"முடிஞ்சு ரெண்டு வாரமாச்சு. ஏன்?"

போன வருஷம் அலோர் காஜாவில் ஒரு வீட்டில் இதே மாதிரி மஞ்சளாகப் பூசியிருந்ததைத் துடைத்துவிட்டானாம். அந்த வீட்டு அம்மா அவனை வாசல்வரை வந்து திட்டினாளாம். "அதிலிருந்து நான் கேட்காமல் தொடுவதில்லை. நீங்களே துடையுங்கள்" என்றான்.

கோமளா ஈரத் துணி எடுத்து வந்தாள். காய்ந்த பூவை எடுத்தாள், சந்தனத்தைத் துடைத்தாள். அடியில் நான்கு விளக்கு. நான்கும் இருட்டாக இருந்தன. ஆயுத பூஜை அன்றிலிருந்து பதினைந்து நாளாக அவள் பேட்டரியைப் பார்க்கும் போதெல்லாம் பார்த்தது சந்தனத்தைத்தான். அவள் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஹாஃபிஸ் சிவப்பு ஸ்டிக்கர் மூடியைத் திறந்தான். உள்ளே கட்டைவிரல் தடிமனில் ஒரு சுவிட்சு. கீழே இறங்கியிருந்தது. அதன் நுனியில், அளந்து வைத்தாற்போல, ஒரு குங்குமப் பொட்டு.

ஹாஃபிஸ் குனிந்து அதைப் பார்த்தான். "யாரோ ரொம்ப மரியாதையாக அணைத்திருக்கிறார்கள், அண்டி."

தன் போனில் ஹரிதாஸ் பார்க்கும் அதே ஆப்பைத் திறந்து காட்டினான். நூறுக்குக் கீழே எறும்பு போல ஒரு வரி. கடைசியாகத் தகவல் வந்தது அக்டோபர் ஒன்று, காலை 9.40. அன்றைக்கு நூறு. அதற்குப் பிறகு பேட்டரி பேசவே இல்லை, ஆப் பழைய நூறையே காட்டிக்கொண்டிருந்தது. வெயில் இருந்தும் தகடு ஏன் உதவவில்லை என்பதையும் சொன்னான். ரோட்டுக் கரண்ட் போனால் தகடும் நின்றுவிட வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி ரிப்பேர் பார்ப்பவனுக்கு ஷாக் அடிக்கும். பேட்டரி இருந்தால்தான் வீடு ரோட்டை விட்டுப் பிரிந்து தனியாக ஓடும். தம்புசாமியின் ஜெனரேட்டர் கரண்ட் குதித்துக் குதித்து வரும், கரும்பு மெஷின் அதைப் பொறுத்துக்கொள்ளும், ஆக்சிஜன் மெஷின் பொறுக்காது.

இத்தனை தெளிவாக யாரும் அவளிடம் சொன்னதில்லை. ஆனால் கோமளா பாதியைத்தான் கேட்டாள். அந்தக் குங்குமப் பொட்டு மோதிர விரலால் வைத்தது. அவ்வளவு சின்னதாக, அவ்வளவு வட்டமாக வைக்க இந்த வீட்டில் ஒருத்தருக்குத்தான் தெரியும்.

"கொஞ்சம் இரு தம்பி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். நாகமுத்து டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கதானா?"

"எதை?"

"குங்குமம் வெச்சதை."

அவர் திரும்பவில்லை. "லோரில வருஷா வருஷம் பேட்டரி வயரைக் கழட்டித்தானே பொட்டு வைப்பேன். ஓடற சாமானுக்குப் பொட்டு வெச்சா அது பூஜையா? என் மெஷினைத்தான் நிறுத்த முடியாது. இதாவது ஒரு நாள் படுக்கட்டும்னு... அந்தப் பையன் மாட்டும்போது பாத்துட்டிருந்தேன்ல, எந்தச் சுவிட்சுன்னு தெரியும். ரோட்டுக் கரண்ட்தான் இருக்கே, ஒரு நாள்ல என்னன்னு நெனச்சேன். விடிஞ்சதும் தூக்கி விட்றலாம்னுதான் இருந்தேன்."

"விடிஞ்சதும் கிளினிக்."

"ஆமா. அதோட மறந்துட்டேன்."

கோமளா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்துச்சா?"

நாகமுத்து ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"வந்துச்சு. மாப்பிள்ளை ஜெனரேட்டரைப் போட்டுப் போட்டுப் பாத்தாரே, அப்ப."

"ஏன் சொல்லலை?"

"சொல்லத்தான் கையைத் தூக்குனேன். நீ போன்ல, வரலைன்னு சொல்லிட்டிருந்த."

"அதனால?"

அவர் இப்போது அவளைப் பார்த்தார். "தெரியலை கோமளா. அதைக் கேட்டதும் ஒரு நிம்மதி மாதிரி வந்துச்சு. அப்புறம் வெக்கமாப் போச்சு. ரெண்டு நாளா ரெண்டும் மாத்தி மாத்தி வருது. மறந்துட்டேனா, வேணும்னே வாயை மூடிட்டேனா, எனக்கே புரியலை. வாணி போன் பண்ணினப்ப சொல்லியிருக்கணும். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை."

கோமளாவுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு, சிலிண்டர் முள் இறங்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்பதும் ஞாபகம் வந்தது. தன் மூச்சு தீர்ந்துகொண்டிருக்கும்போதே வாயை மூடிக்கொண்டிருந்த மனுஷன். இதற்கு என்ன பேர்? திட்டுவதா, பக்கத்தில் உட்கார்ந்து அழுவதா? தான் போவது இவருக்குப் பயமா, இல்லை மகளின் மேடையைத் தானும் பார்க்க முடியாத வருத்தமா? கேட்டால் அவருக்கே தெரியாது. பலகையாக இருந்தால் சொருகிப் பார்த்திருப்பாள்.

"என்னை விட்டு ரெண்டு ராத்திரி நீங்க இருந்துக்குவீங்களா, மாட்டீங்களா? அதைச் சொல்லுங்க."

"பாக்கியம் இருக்கா. பேட்டரியும் இருந்தா இருந்துக்குவேன்."

"பேட்டரியை நீங்கதானே படுக்க வெச்சீங்க?"

"நான்தான்."

"அப்ப எந்திரிங்க. வந்து நீங்களே எழுப்புங்க."

நீளமான குழாயைப் பின்னால் இழுத்தபடி நாகமுத்து மெதுவாகப் பின்பக்கம் வந்தார். ஹாஃபிஸ் சலாம் சொல்லி ஒதுங்கி நின்றான். அவர் மூடிக்குள் கையை விட்டுச் சுவிட்சைத் தூக்கினார். குங்குமம் ஒட்டி விரல் நுனி சிவந்தது. நாலு விளக்கும் ஒவ்வொன்றாகப் பச்சையாக எரிந்தன. இரண்டு வாரம் ஓய்வெடுத்ததில் சார்ஜ் அதிகம் குறையவில்லை. எண்பத்தொன்பது சதவீதம் என்றான் ஹாஃபிஸ். பிறகு மெயின் சுவிட்சைக் காட்டினாள் கோமளா.

"இறக்குங்க."

"நானா?"

"நான் ஊர்ல இருக்கப்ப யாரு இறக்குவா? எதிர்வீட்டுப் பல்லியா?"

இறக்கினார். மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். விசிறி ஒரு சுற்றுகூடத் தளரவில்லை. அறைக்குள் மெஷின் கத்தவில்லை. நாற்பது நிமிஷம் அப்படியே விட்டுவைத்தார்கள். ஹாஃபிஸுக்கு முறுக்கும் கோப்பியும் கிடைத்தது. போகும்போது அவன் கோமளாவிடம், அடுத்த வருஷம் பூஜைக்கு முன்னால் ஒரு போன் போடச் சொன்னான். "அணைக்க வேண்டும் என்றால் நானே வந்து அணைக்கிறேன். மறுநாள் நானே வந்து போடுகிறேன்."

கோமளா வாணியைக் கூப்பிட்டு, வருகிறேன் என்றாள். வாணி ஏன் என்றோ எப்படி என்றோ கேட்கவில்லை. "ஹால்ல சீட்டு இன்னும் உன் பேர்லதான்மா இருக்கு" என்றாள்.

பெட்டியில் சேலையை மடித்து வைக்கும்போதும் கோமளாவுக்கு ஒன்றும் தெளியவில்லை. அவரை மன்னித்துவிட்டாளா என்றுகூடத் தெரியவில்லை. காலண்டரை எடுத்து அக்டோபர் பதினாறின் மேல் பச்சைப் புள்ளி வைக்கப் போனவள், பேனாவை நாகமுத்துவிடம் நீட்டினாள். அவர் சின்னதாக, வட்டமாக வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டே காலுக்கு மலாக்கா சென்ட்ரலிலிருந்து வடக்கே புறப்பட்ட பஸ்ஸில் கோமளா சன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். அடுத்த சோதனை நவம்பர் முதல் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு. மெயின் சுவிட்சை நாகமுத்து இறக்குவார்.